எழுத்தர் நாற்காலியில் ஒரு தத்துவ ஞானி

மேலைநாட்டுத் தத்துவம் என்றதும் நம்மவருள் பலர்க்கு ஓர் அச்சம் எழுவதுண்டு. தடித்த நூல்கள், நாவில் நுழையாப் பெயர்கள், பொருள் விளங்காச் சொற்கள், அவற்றைப் படிப்பதற்கென்றே பிறந்தாற்போன்ற பேராசிரியர்கள். நமக்கு அங்கே என்ன வேலை என்று ஒதுங்கிவிடுகிறோம். காலை எட்டு மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் நின்று, மாலை ஏழு மணிக்கு வீடு திரும்பி, பால் கணக்கும் பள்ளிக் கட்டணமும் பார்க்கும் குடும்பத்தானுக்குத் தத்துவம் எதற்கு என்ற வினா நியாயமானதே. ஆயினும் அத்தத்துவத்தை ஆக்கியோர் யாவர், அவர்கள் எவ்வாறு வயிறு வளர்த்தனர் என்று சற்றே உற்று நோக்கின் அவ்வச்சம் பெரிதும் விலகும்.

கிரேக்க நாட்டுச் சாக்ரடீசு ஒரு கல்தச்சரின் மைந்தர் என்பர். அவர் நூல் ஒன்றும் எழுதினாரில்லை. ஏதென்சு நகரத்துக் கடைத்தெருவில் நின்று, வருவோர் போவோரை நிறுத்தி, வீரம் என்பது யாது, நீதி என்பது யாது என்று வினவியதே அவர் செய்த தொண்டு. அதற்காகவே கி.மு. 399-இல் நஞ்சுண்டு மாண்டார். ஆலந்து நாட்டு ஸ்பினோசா கண்ணாடி வில்லைகளைத் தேய்த்து விற்றவர். 1673-இல் ஹைடல்பர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி அவரைத் தேடி வந்தது. தம் சிந்தனைக்கு வேலி போடப்படுமோ என்று ஐயுற்று அதனை வேண்டாமென்றார். ஸ்காத்லாந்து நாட்டு டேவிட் ஹியூம் 1767-இல் லண்டன் அரசுச் செயலகத்தில் சார்புச் செயலராகக் கோப்புகளைப் பார்த்தவர். இவர்கள் யாவரும் நம்மைப் போல் உழைத்து உண்டவர்களே.

இவ்வரிசையில் நம் நெஞ்சுக்கு மிகவும் அணுக்கமானவர் ஜான் ஸ்டூவர்ட் மில் (1806–1873). காரணம் வேறொன்றுமில்லை, அவர் ஓர் எழுத்தர், நாமும் ஓர் எழுத்தர். அதனினும் வியப்புக்குரியது, அவர் மேசையில் இருந்த கோப்புகள் நம் நாட்டைப் பற்றியவை என்பதே.

கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை அலுவலகம் லண்டன் மாநகரில் லெடன்ஹால் தெருவில் இருந்தது. அங்கே 1823-இல், பதினேழாம் வயதில், மில் இளநிலை எழுத்தராகச் சேர்ந்தார். அவர் தந்தையார் ஜேம்ஸ் மில் அதே பிரிவில் மேலதிகாரி. முப்பத்தைந்து ஆண்டுகள் மில் அங்கேயே பணிபுரிந்தார். தந்தையார் வகித்த தலைமைப் பதவியை 1856-இல் எய்தினார். 1858-இல் கம்பெனியின் ஆட்சி நீங்கி அரசியாரின் ஆட்சி வந்தபோது ஓய்வு பெற்றார். சுதேச மன்னர்களுடன் கம்பெனி கொண்ட உறவு பற்றிய கடிதங்களை வரைவதே அவருடைய முதன்மையான வேலை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் அவர் கையால் வரையப்பட்டன. எழுத்தர் வரைந்ததை இயக்குநர்கள் பார்ப்பர். அரசாங்கத்தின் கட்டுப்பாட்டு வாரியம் பார்க்கும். வெட்டும், திருத்தும், சில வேளை அடியோடு தள்ளும். அதன் பின்னரே கடிதம் கப்பலேறி மாதக்கணக்கில் கடலில் மிதந்து நம் நாட்டை அடையும். கீழிருந்து மேலேறி, மேலிருந்து கீழிறங்கும் கோப்பின் ஊர்வலத்தை நாள்தோறும் காணும் நமக்கு இது புதிய செய்தியன்று. இன்று தாள் போய்க் கணினித் திரை வந்திருக்கிறது. ஊர்வலம் மட்டும் மாறவில்லை.

அலுவலக வேலை தம் சிந்தனைக்குத் தடையாயிற்று என்று மில் முறையிடவில்லை. தம் தன்வரலாற்றில் அவர் கூறுவது நேர்மாறானது. கடினமான ஆராய்ச்சிக்கிடையே அலுவலகக் கடமை தமக்கு ஓய்வாகவே அமைந்தது என்கிறார். தாம் எண்ணியது முழுவதும் கைகூடாதபோது, கிடைக்கும் பாதியை மனங்கோணாமல் பெற்றுக்கொள்ளவும், தம் கருத்துக்குப் பழகாத மனிதரின் உள்ளத்திலும் அது எளிதில் நுழையும்படி எழுதவும் அங்கேதான் கற்றாராம். மேலதிகாரியின் ஒப்பம் பெற வேண்டிக் குறிப்பெழுதும் எவர்க்கும் இதன் உண்மை விளங்கும்.

நிற்க. இவர் கூறிய தத்துவந்தான் யாது? முதலில் அவருடைய தருக்க நூலைப் பார்ப்போம். 1843-இல் வெளிவந்த அப்பெருநூலில், ஒரு விளைவின் காரணத்தைக் கண்டறிய ஐந்து முறைகளை அவர் வகுத்துரைத்தார். அவற்றுள் இரண்டினை நம் அடுக்களையிலிருந்தே விளக்கலாம். ஒரு விருந்தில் உண்டவருள் பத்துப் பேருக்கு வயிற்றுக் கோளாறு என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் புளியோதரை உண்டார், பாயசம் தொடவில்லை. மற்றொருவர் பாயசம் பருகினார், வடையை விலக்கினார். இப்படிப் பத்துப் பேரும் உண்டவை வேறு வேறாயினும் தயிர்ப்பச்சடி ஒன்று மட்டும் பதின்மர் இலையிலும் இருந்ததெனின், ஐயம் அதன்மேல் விழும். இஃது ஒற்றுமை முறை. இனி, அண்ணன் தம்பி இருவர் அருகருகே அமர்ந்து எல்லாவற்றையும் ஒன்றுபோல் உண்டனர். அண்ணன் பச்சடியை உண்டான், தம்பி உண்ணவில்லை. அண்ணன் படுத்துவிட்டான், தம்பி பந்து விளையாடுகிறான் என்றால் ஐயம் இன்னும் வலுப்பெறும். இது வேற்றுமை முறை. மருத்துவரும் பொறியாளரும் காவல்துறையினரும் இன்றளவும் கையாளும் வழி இதுவே. நம் பாட்டிமாரும் இதனையே கையாண்டனர். பெயர் மட்டும் வைத்தாரில்லை.

அறத்தைப் பற்றியும் மில் எழுதினார். மிகப் பலர்க்கு மிகுந்த இன்பம் பயப்பதே நற்செயல் என்னும் கொள்கையைப் பெந்தாம் என்னும் பேரறிஞர் நாட்டியிருந்தார். இன்பத்தின் அளவை எண்ணினால் போதும், அதன் தரத்தை எண்ண வேண்டியதில்லை என்பது பெந்தாமின் போக்கு. மில் அதனைத் திருத்தினார். இன்பங்களுள் உயர்ந்தனவும் தாழ்ந்தனவும் உண்டு. இரண்டையும் துய்த்தறிந்தவர் எதனை விரும்புவரோ அதுவே உயர்ந்தது என்றார். இத்திருத்தம் அவருடைய சொந்த வாழ்வின் துயரத்தோடு தொடர்புடையது.

மில்லின் இளமைக் கல்வி உலகப் புகழ் வாய்ந்தது. மூன்றாம் வயதில் கிரேக்கம் தொடங்கினார், எட்டாம் வயதில் இலத்தீன், பன்னிரண்டில் தருக்கம். பள்ளிக்கு அனுப்பாமல் தந்தையே ஆசிரியராக நின்றார். விடுமுறை கிடையாது, ஒத்த வயதுச் சிறுவரோடு ஆட்டமும் கிடையாது. விடியற்காலை தந்தையோடு உலாவும்போது முந்தைய நாள் படித்ததை ஒப்பிக்க வேண்டும். இப்படி வார்க்கப்பட்ட இளைஞர் இருபதாம் வயதில், 1826-இல், தம்மையே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டார். உலகில் தாம் வேண்டும் சீர்திருத்தங்கள் யாவும் இக்கணமே நிறைவேறிவிட்டால் தாம் மகிழ்ச்சி அடைவோமா என்பதே அது. இல்லை என்று உள்ளம் விடை கூறியது. வாழ்வின் அடித்தளமே இடிந்தாற்போல் ஆயிற்று. மாதங்கள் பல இருளில் கழிந்தன. அலுவலகம் சென்றார், கடமை ஆற்றினார், யாரிடமும் சொல்லவில்லை. இசையில் ஆறுதல் தேடியபோதும், சுரங்கள் சிலவே ஆதலின் அவற்றைச் சேர்த்துப் பாடும் வகைகளும் ஒருநாள் தீர்ந்துவிடுமே என்று கவலையுற்றாராம்! ஏழு சுரத்துக்குள் கடலைக் கண்ட மரபில் வந்த நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் அது நோயுற்ற உள்ளத்தின் கணக்கு.

ஒரு நாள் மார்மோந்தெல் என்னும் பிரெஞ்சு எழுத்தாளரின் நினைவுக் குறிப்புகளைப் படித்துக்கொண்டிருந்தார். தந்தையை இழந்த சிறுவன் தன் குடும்பத்தாரைப் பார்த்து, இனி அவர் இடத்தில் நான் இருப்பேன் என்று ஆறுதல் கூறும் பகுதி வந்தது. மில்லின் கண்கள் நீர் சொரிந்தன. தமக்குள் உணர்ச்சி இன்னும் சாகவில்லை என்று அறிந்தார். பின்பு, 1828-இல், வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதைகள் அவரை மேலும் தேற்றின. இன்பத்தையே குறியாக வைத்துத் தேடுவோர்க்கு அது அகப்படாது; வேறொரு நற்செயலில் ஈடுபட்டோர்க்கு அது வழியில் வந்து சேரும் என்பது அவர் பெற்ற பாடம்.

இவ்வரலாறு நம் இல்லத்தில் இவ்வாண்டு வெறும் புத்தகச் செய்தியாக இருக்கவில்லை. நம் மகள் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கிறாள். தில்லிப் பல்கலைக்கழகத்தில் தத்துவத்தைச் சிறப்புப் பாடமாக எடுத்துப் படிக்க வேண்டும் என்கிறாள். தேர்வெழுதி வேலை பெற்றுத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து இத்தலைநகருக்கு வந்து இருபது ஆண்டுகள் ஆயின. குடியிருப்பது அரசாங்கக் குடியிருப்பு. ஓய்வு பெற்றதும் காலி செய்ய வேண்டியது. ஊரில் நிலபுலம் ஏதுமில்லை. ஆதலின் இல்லாள் கேட்ட வினாவை எளிதாகத் தள்ள இயலவில்லை.

"வணிகவியல் படித்தால் வங்கித் தேர்வு எழுதலாம். தத்துவம் படித்தால் எதை எழுதுவாள்?"

ஊரிலிருந்து தொலைபேசியில் பேசிய அண்ணனோ இன்னும் வெளிப்படையாகவே கேட்டார்: "தம்பி, பொம்பளப் பிள்ளைக்குத் தத்துவம் எதுக்கு?"

அண்ணனுக்கு மில்லைக் கொண்டே விடையிறுத்தோம். 1867-இல் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த மில், வாக்குரிமைச் சட்ட வரைவில் 'ஆண்' எனப் பொருள்படும் சொல்லை நீக்கி 'நபர்' என்று இட வேண்டும் எனத் திருத்தம் கொண்டுவந்தார். 73 பேரே ஆதரித்தனர், திருத்தம் தோற்றது. ஆயினும் பெண்ணின் வாக்குரிமை அம்மன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தது அப்போதுதான். பெண்களின் அடிமை நிலையைக் கண்டித்து 1869-இல் தனி நூலே எழுதினார். அண்ணன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த ஆளுக்குப் பெண் பிள்ளை உண்டா?" என்றார். மில்லின் மனைவி ஹாரியட்டுக்கு முதல் திருமணத்தில் பிறந்த மகள் ஹெலன் அவரோடு இருந்து அவர் பணிகளுக்குத் துணை நின்றாள் என்றோம். அதன்மேல் அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை.

மகளின் கேள்வியே கடினமாயிற்று. மில்லின் நூல்களுள் தலையாயதாகக் கருதப்படும் சுதந்திரம் பற்றிய நூலை அவள் கையில் கொடுத்திருந்தோம். 1859-இல் வெளிவந்தது அது. பிறர்க்குத் தீங்கு விளையாத வரையில் ஒருவன் தன் வாழ்வைத் தன் விருப்பப்படி நடத்தலாம். அவனுக்கு நன்மை செய்கிறோம் என்று சொல்லி ஊரோ அரசோ தடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். எந்தக் கருத்தையும் வாய்மூடச் செய்தல் ஆகாது. அடக்கப்பட்ட கருத்து உண்மையாக இருக்கலாம். ஓரளவு உண்மை அதில் கலந்திருக்கலாம். முழுப் பொய்யேயாயினும் அதனோடு மோதும்போதுதான் உண்மை உயிரோடு இருக்கும். மோதலற்ற உண்மை மனப்பாடமாகி மரத்துப் போகும். யார் வாயிலிருந்து வந்தது என்று பாராமல் சொல்லின் மெய்ம்மையைப் பார்க்கச் சொன்ன வள்ளுவரைக் கற்ற நமக்கு இக்கருத்து எளிதில் ஒட்டும்.

மகள் பதினைந்து பக்கங்கள் கூடப் படித்திருக்க மாட்டாள். நூலைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அப்பா, இங்கே பாருங்கள். சுதந்திரம் வளர்ந்தவர்களுக்கு மட்டும் என்கிறார். குழந்தைகளுக்கு இல்லை. அடுத்த வாக்கியத்திலேயே முன்னேறாத சமுதாயங்களையும் குழந்தைகளோடு சேர்த்துவிட்டார். அக்பரைப் போல் ஒரு நல்ல அரசன் கிடைத்தால் அவனுக்குக் கீழ்ப்படிந்து கிடப்பதே அவர்களுக்கு வழி என்கிறார். அது நாம்தானே? நம்மை விட்டுவிட்டு எழுதிய சுதந்திரத்தை நான் ஏன் படிக்க வேண்டும்?"

அவ்விடத்தில் இந்தியா என்னும் பெயர் இல்லை. ஆனால் அக்பரின் பெயர் வந்தபின் வேறு சான்று எதற்கு? முப்பத்தைந்து ஆண்டுகள் நம் நாட்டுக் கோப்புகளைப் பார்த்த ஒருவர், மனித சுதந்திரத்தைப் பற்றி எழுதப் புகுந்தபோது நம்மை வாயிற்படிக்கு வெளியே நிறுத்தியது ஏன்?

இதற்கு விடை கூற நமக்குப் பேராசிரியர்களின் உதவி கிட்டவில்லை. எழுத்தர் தொழிலே உதவிற்று. ஜேம்ஸ் மில் இந்தியாவின் வரலாற்றை எழுதி 1817-இல் வெளியிட்டார். இந்தியாவில் அவர் காலடி வைத்ததில்லை. மகனும் இந்தியாவைப் பார்த்ததில்லை. இருவரும் அறிந்தது தாளில் வந்த இந்தியா. 1852-இல் பிரபுக்கள் சபைக் குழுவின் முன் சான்றளித்த மில், இந்திய ஆட்சி முழுவதும் எழுத்து வடிவிலேயே நடைபெறுகிறது, நல்லாட்சிக்கு அதுவே பெரும் பாதுகாப்பு என்றார். அதில் உண்மை உண்டு. எழுதி வைத்தால்தான் பொறுப்பு யாருடையது என்று தெரியும். ஆனால் எழுத்துக்குள் வராத ஒன்றும் உண்டு.

பல ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு முதிய விதவையாரின் குடும்ப ஓய்வூதியக் கோப்பு நம் மேசைக்கு வந்தது. முன்பிருந்தோர் எழுதிய குறிப்புகளில் அவர் ஒரு பெயர், ஓர் எண், 'ஆவணம் போதாது' என்னும் ஒரு தொடர். ஒரு நாள் அவரே இரண்டு இரவு இரயிலில் பயணம் செய்து நேரில் வந்து நின்றார். முந்தானையில் முடிந்திருந்த திருமணப் புகைப்படத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். அவர் பேசிய மொழி நமக்குப் பாதிதான் விளங்கியது. எந்தத் தாளைக் கேட்கிறார்கள் என்று அவருக்கு யாருமே சொல்லவில்லை என்பது மட்டும் நன்கு விளங்கியது. கோப்பு பொய் சொல்லவில்லை. அவரை அது பேசவிடவில்லை. அரை மணி நேரம் அருகிருந்து கேட்டதில் எந்த அலுவலகத்தில் எந்தச் சான்று கிடைக்கும் என்று தெரிந்தது. மூன்று மாதத்தில் ஓய்வூதியம் வந்தது.

மில்லின் கோப்புகளிலும் இந்தியர் இருந்தனர். அவர்கள் மேசைக்கு எதிரே வந்து நின்று பேசவில்லை. தன் பக்கத்தை மட்டும் அறிந்தவன் தன் பக்கத்தையும் சரிவர அறியான் என்பது அவருடைய கொள்கையே. நம்மைப் பற்றி எழுதுமிடத்தில் நம் மறுமொழியை அவர் கேளாமல் தீர்ப்பெழுதினார். ஆகவே அவர் நூலைக் கற்று அவருக்கு மறுமொழி கூறுதல் அவர் வகுத்த நெறிப்படி அவர் நூலை நிறைவு செய்வதாகும். இதையே மகளிடம் சொன்னோம்.

அவர் உள்ளமும் ஒரே நிலையில் நிற்கவில்லை என்பதையும் காட்டினோம். 1861-இல் பிரதிநிதித்துவ ஆட்சி பற்றி எழுதிய நூலில், ஒரு மக்கள் தம்மைத் தாமே ஆளுதல் என்பதற்குப் பொருள் உண்டு. ஒரு மக்களை வேறொரு மக்கள் ஆளுதல் என்பது அவர்களைக் கால்நடைப் பண்ணையாக வைத்துக்கொள்வதாகவே முடியும் என்று எழுதினார். அதே நூலில் இந்தியாவை ஆள்வதற்கு வழிவகையும் கூறினார்! ஒரே மனிதருக்குள் தத்துவ ஞானியும் கம்பெனி எழுத்தரும் வாதாடிக்கொண்டிருந்தனர்.

அவ்வாதத்தில் நாம் பெருமைப்படத்தக்க பக்கம் ஒன்றும் உண்டு. 1835-இல் மெக்காலே தம் புகழ்பெற்ற குறிப்பை எழுதி, ஆங்கிலக் கல்விக்கே அரசுப் பணம் என்று ஆக்கினார். மறு ஆண்டு அதனை எதிர்த்துக் கம்பெனியின் சார்பில் ஒரு கடிதத்தை மில் வரைந்தார். அறிவு மக்களிடையே பரவ வேண்டுமாயின், அந்நாட்டுக் கற்றோரைப் பேணி, அவர்கள் வழியாகவும் அந்நாட்டு மொழிகள் வழியாகவுமே பரவும் என்பது அவர் வாதம். கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவர் ஹாப்ஹவுஸ் அவ்வரைவைத் தள்ளிவிட்டார். கடிதம் கப்பலேறவில்லை. தாம் நயமுற எழுதிய குறிப்பு மேலிடத்தில் நிராகரிக்கப்பட்டுத் திரும்பி வரும் துயரத்தை அறியாத எழுத்தர் உலகில் இல்லை. அந்த வரைவு ஏற்கப்பட்டிருந்தால் நம் மொழிகளில் தத்துவமும் அறிவியலும் எப்படி வளர்ந்திருக்கும் என்று கணித்துக் கூறுவார் யார்?

நம் வீட்டு வழக்குக்கு வருவோம். இறுதியில் மில்லைத் தம் பக்கத்துச் சாட்சியாக அழைத்தவர் இல்லாளே.

"அவர் வேலையில் இருந்துகொண்டுதானே இவ்வளவும் எழுதினார்? எழுத்தை நம்பி வயிறு வளர்க்காதே என்று அவரே சொல்லியிருக்கிறார் என்றீர்களே. இவளும் தத்துவம் படிக்கட்டும், வேலைக்கான தேர்வையும் எழுதட்டும்."

"அவருக்கு அந்த வேலை அவர் அப்பா இருந்த இடத்திலேயே கிடைத்தது, அம்மா. தேர்வா எழுதினார்?" என்றாள் மகள்.

"உன் அப்பாவால் அது முடியாது. அதனால்தான் உன்னை எழுதச் சொல்கிறேன்."

இவ்விடத்தில் தருக்கம் முடிவுற்றது. விண்ணப்பத்தில் தத்துவமே முதல் விருப்பமாக இடம்பெற்றது. மகனைத் தன் அச்சில் வார்த்த ஜேம்ஸ் மில்லின் கதையை அறிந்த பின்னர், அவ்விடத்தில் வேறொரு பாடத்தை நிரப்ப நம் கை எழவில்லை. வேலை பற்றிய அச்சம் தீர்ந்துவிட்டதா எனின், தீரவில்லை. அதனோடு வாழப் பழகுகிறோம்.

அன்பர்களே, பிழைப்பு நாடி வந்த நகரங்களில் நாம் தமிழைப் பாட்டாகவும் பட்டிமன்றமாகவும் பொங்கல் விழாவாகவும் காத்து வருகிறோம். அது நன்றே. கடினமானதைச் சிந்திக்கும் கருவியாகவும் அதனைக் காத்தல் வேண்டும். மேலைத் தத்துவத்தைத் தொடங்க விரும்புவோர் மில்லின் தன்வரலாற்றிலிருந்து தொடங்கலாம். பின்பு சுதந்திரம் பற்றிய நூலின் இரண்டாம் இயலைப் படிக்கலாம். மாதத்துக்கு ஒரு மாலை, நான்கு குடும்பங்கள் ஒரு கூடத்தில் கூடி, படித்ததைத் தமிழிலேயே வாதித்துப் பார்க்கலாம். சொல் கிடைக்காமல் தடுமாறுவோம். தடுமாறும் இடத்தில்தான் சொல் பிறக்கும்.

மகளின் நூலைச் சென்ற வாரம் புரட்டிப் பார்த்தோம். அக்பர் வரும் பக்கத்தின் ஓரத்தில், தந்தையின் கோப்புக் குறிப்புகளைப் பார்த்துப் பழகிய தோரணையில், கரிக்கோலால் தமிழில் எழுதியிருந்தாள்: "மேற்கண்ட கருத்து ஏர்கத்தக்கதன்று. மறுப்பு தனித்தாளில்." வடநாட்டுப் பள்ளியில் படித்த பிள்ளை, 'ஏற்க' என்பதில் வல்லின றகரம் போய் இடையின ரகரம் வந்திருந்தது. கருத்தில் பிழை ஏதும் காணோம். அந்தத் தனித்தாளைப் படிக்கக் காத்திருக்கிறோம்.